போனா, கையடக்க ஜிபிஎஸ்ஸா? களப்பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அந்த இடத்துல ஒரு பாயிண்ட் எடுத்துட்டு வந்துடுங்க."

காட்டுயிர் ஆய்வு, நிலவியல், வேளாண் கணக்கெடுப்பு, தொல்லியல் கள ஆய்வு, தொண்டு நிறுவனப் பணி என எதில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தப் பேச்சு காதில் விழும். பாயிண்ட் என்றால் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். அதை எதை வைத்து எடுப்பது என்பதில்தான் புதியவர்களுக்குக் குழப்பம். சட்டைப்பையில் இருக்கும் போனே போதுமா? கடன் வாங்கியாவது கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கிவிட வேண்டுமா?

சுருக்கமான பதில்: போனில் தொடங்குங்கள். போன் எந்த வேலையில் கைவிடுகிறது என்று உங்களால் குறிப்பாகச் சொல்ல முடிகிற நாளில் கருவியைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் முதலில் அலுவலகத்திடம் கேளுங்கள். சொந்தக் காசு கடைசி வழி. ஏன் என்பது இனி.

துல்லியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை

கருவி என்றால் துல்லியம், போன் என்றால் தோராயம் என்று பழைய கைகள் சொல்வார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அது சரியாக இருந்திருக்கலாம். இன்று திறந்தவெளியில் ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடும் என்பது அமெரிக்க அரசே தரும் கணக்கு. சாதாரணக் கையடக்கக் கருவியின் பிழையும் ஏறக்குறைய இதே அளவுதான். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எனப் பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் ஒரே சமயத்தில் கேட்கும் சில்லுகள் இப்போது போன்களில் சாதாரணம். சில புதிய போன்கள் நம் நாவிக்கையும் கேட்கின்றன. 2018இல் வந்த ஷாவ்மி மி 8 முதல், இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் போன்களும் சந்தையில் உண்டு. அலுவலக பீரோவில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய கருவியைவிட உங்கள் போன் நன்றாக வேலை செய்யக்கூடும்.

இரண்டுக்கும் பொதுவான எதிரிகள் அடர்ந்த மரக்கூரை, பாறைச் சரிவு, உயர்ந்த கட்டடம். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை, தரைக்கு வரும்போது மிகவும் பலவீனமாக இருக்கும். இலைகள் அதை மேலும் மழுங்கடிக்கும். பாறையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்து வரும் அலை தூரக் கணக்கைக் குழப்பும். சோலைக்காட்டுக்குள் நின்று 3 மீட்டர் துல்லியத்தை எதிர்பார்த்தால் எந்தக் கருவியும் ஏமாற்றத்தான் செய்யும்.

ஆகவே துல்லியத்தை முன்வைத்துக் கருவி வாங்காதீர்கள். தேர்வைத் தீர்மானிப்பவை வேறு.

போன் ஜெயிக்கும் இடம்

களத்தில் பாயிண்ட் தனியாக வருவதில்லை. அதோடு புகைப்படம், இனத்தின் பெயர், வீட்டுத் தலைவரின் பதில், பயிரின் நிலை என ஒரு படிவமே வரும். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே கலெக்ட், க்யூஃபீல்டு போன்ற இலவசச் செயலிகள் இவை எல்லாவற்றையும் ஒரே பதிவில் கட்டிவிடுகின்றன. கருவியில் 037 என்று எண் போட்டுச் சேமித்து, நோட்டில் 037க்கு நேரே விவரம் எழுதி, இரவு அறைக்குத் திரும்பி இரண்டையும் பொருத்தும் வேலை மிச்சம். அந்தப் பொருத்தலில் ஒரு வரி தவறினால் அதற்குக் கீழே உள்ள அத்தனை வரியும் தவறிவிடும்.

பெரிய அமைப்புகளே இந்தப் பக்கம் வந்துவிட்டன. புலிகள் காப்பகங்களில் ரோந்தையும் கணக்கெடுப்பையும் பதிவு செய்ய, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் 2010இல் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தன. 2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் அது போன் செயலியாகவே களத்தில் பயன்பட்டது. ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டிய குளத்துக்கும், பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டுக்கும் இடக்குறியோடு படம் எடுப்பதும் போனில்தான். இவற்றில் வேலை கிடைத்தால், கேள்விக்கே இடமில்லை.

கருவி ஜெயிக்கும் இடம்

பேட்டரி. இதுதான் முதல் காரணம், பாதிக் காரணமும்கூட. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் வகைகள் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ அதே இரண்டு பேட்டரியில் 168 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். தீர்ந்தால் மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் வாங்கிப் போடலாம். போனோ, திரையை எரியவிட்டு டிராக் (நடந்த பாதை) பதிவு செய்தால் மாலைக்குள் சுருண்டுவிடும். அது போனால் அவசரத்துக்கு அழைக்கும் வழியும் சேர்ந்தே போகும்.

மழையும் வெயிலும். ஈட்ரெக்ஸ் வகைக் கருவிகள் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் தரம் பெற்றவை. பொத்தான் என்பதால் ஈரக்கையோடும் கையுறையோடும் இயக்கலாம். உச்சி வெயில் விழ விழ அதன் திரை தெளிவாகத் தெரியும். அதே வெயிலில் போன் சூடேறித் தானாக மங்கும், சில நேரம் அணைந்தும் போகும். மழைத்துளி பட்டால் தொடுதிரை நாம் தொடாததையெல்லாம் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்.

இடைவிடாத பதிவு. பேட்டரியைச் சேமிப்பதாக நினைத்து ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். நாலு மணி நேரம் நடந்த டிரான்செக்ட்டில் (கோட்டுவழிக் கணக்கெடுப்பு நடையில்) நடுவே ஒரு மணி நேரம் காணாமல் போயிருப்பது இதனால்தான். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் பெரும்பாலும் சரியாகும். கருவிக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளத்தல். கார்மின் கருவிகள் பலவற்றில் ஒரு பாயிண்டைப் பலமுறை எடுத்துச் சராசரி காணும் வசதி உண்டு. குறைந்தது 90 நிமிட இடைவெளியில் நான்கு முதல் எட்டு முறை எடுப்பது நல்லது என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. ஆண்டுதோறும் போய் அளக்க வேண்டிய நிரந்தர ஆய்வுக் கட்டத்தின் மூலைகளைக் குறிக்க இது அருமையான வழி.

"காட்டில் டவர் இல்லையே, போன் எப்படி வேலை செய்யும்?"

புதியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஜிபிஎஸ்ஸுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தமில்லை. போன், செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்க மட்டுமே செய்கிறது. டவர் இல்லாவிட்டாலும் ஃபிளைட் மோடில் போட்டாலும் இடம் தெரியும்.

ஆனால் இரண்டு விஷயத்தில் டவர் உதவுகிறது. ஒன்று, வரைபடம். அதை முந்தைய நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ்எம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் மாநிலம் முழுவதையும் இறக்கிவிடலாம். இரண்டு, வேகம். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலைப் போன் இணையத்தில் நொடிகளில் வாங்கிவிடும். இணையம் இல்லாவிட்டால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒலிபரப்பு மிக மெதுவானது. முழுத் தொகுப்பும் வந்து சேர 12.5 நிமிடம். எனவே சோதனைச்சாவடியில் சிக்னல் இருக்கும்போதே லொகேஷனை ஆன் செய்து, வரைபடத்தில் உங்கள் இடம் சரியாக விழுந்த பிறகு உள்ளே போங்கள். மாதக்கணக்கில் பையில் கிடந்த கருவிக்கும் இதே விதிதான். வெட்டவெளியில் வைத்து, அது தன்னைத் தேற்றிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

இரண்டுமே உதவாத வேலை

நில எல்லை. "ஜிபிஎஸ்தான் இருக்கே, நம்ம இடத்தை அளந்து குடுப்பா" என்று ஊரில் யாராவது கேட்பார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். 5 சென்ட் மனை என்பது பக்கத்துக்குச் சுமார் 14 மீட்டர். அதன் ஒவ்வொரு மூலையிலும் 4, 5 மீட்டர் பிழை வந்தால், நீங்கள் அளந்தது பக்கத்து வீட்டுக் கிணறாகவும் இருக்கலாம். அந்த வேலைக்குச் சென்டிமீட்டர் துல்லியம் தரும் டிஜிபிஎஸ், ஆர்டிகே கருவிகளும், புலப்படமும், பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் சர்வேயரும் வேண்டும். பல ஏக்கர் தோப்பின் பரப்பைத் தோராயமாகச் சொல்ல மட்டும் போனோ கருவியோ போதும்.

கடல் மட்டத்திலிருந்து உயரம் எடுப்பதிலும் கவனம் தேவை. உயரத்தில் வரும் பிழை பொதுவாக இடத்தில் வரும் பிழையைவிடக் கூடுதல். அதோடு நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் கணக்கிடும் உயரம், பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாகக் கற்பித்துக்கொண்டு சொல்லும் உயரம். தமிழ்நாட்டில் உண்மையான கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்குச் சுமார் 80 முதல் 100 மீட்டர் கீழே இருக்கிறது. இதைத் திருத்தாத போன் செயலி, மெரினா மணலில் நிற்பவரை 80 மீட்டருக்கும் மேல் பாதாளத்தில் நிற்பதாகக் காட்டும். கையடக்கக் கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடும். 32எக்ஸ் போன்றவற்றில் காற்றழுத்தம் வைத்து உயரம் காணும் வசதியும் உண்டு. தாவரங்களின் உயர எல்லையை ஆராய்பவர்களுக்கு இது கருவியின் பக்கம் சாய ஒரு நல்ல காரணம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால்

• அடிப்படை வகைக் கருவிக்கும் ஏறக்குறைய ஒரு நடுத்தர ஸ்மார்ட்போனின் விலை ஆகும். உங்கள் குழுவில் ஏற்கெனவே யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள்.

• 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி இல்லை. நடந்தால்தான் திசை காட்டும். நின்றால் முள் குழம்பும். 32எக்ஸில் திசைகாட்டி உண்டு.

• மாற்றிப் போடும் பேட்டரி வகையையே எடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் அதைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் மீதிச் சார்ஜைத் தவறாகக் காட்டும். களம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் கருவி பாழ்.

• செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி உள்ள இன்ரீச் வகைகள் வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் அவற்றோடு பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால் மாடல் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கருவி வாங்க நினைத்த பணம் கையில் இருந்தும் தேவை இன்னும் தெளிவாகவில்லை என்றால், நல்ல பவர் பேங்க், தண்ணீர் புகாத உறை, பழைய போன் ஒன்று இவற்றில் போடுங்கள். பழைய போனைக் களத்துக்கு மட்டும் ஒதுக்கினால், அழைக்கப் பயன்படும் போனின் சார்ஜ் காப்பாற்றப்படும்.

சம்பளத்துக்கு உரிய திறமை இதுதான்

எந்தக் கருவியானாலும் பாயிண்ட் எடுக்க ஒரு பொத்தான்தான். எடுத்த பாயிண்ட் மேசைக்கு வந்தபின் சரியான இடத்தில் விழுகிறதா என்பதில்தான் புதியவரும் கைதேர்ந்தவரும் பிரிகிறார்கள். நான்கு விஷயங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, எழுதும் முறை. ஒரே இடத்தை டிகிரி-நிமிடம்-விநாடி, டிகிரி-தசம நிமிடம், தசம டிகிரி என மூன்று விதமாக எழுதலாம். 11 டிகிரி 30 நிமிடம் என்பதை 11.30 என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. சரியான தசம டிகிரி 11.50. வித்தியாசம் 22 கிலோமீட்டர். குழுவில் எல்லாரும் ஒரே முறையில் எழுத வேண்டும். தசம டிகிரி என்றால் ஐந்து தசம இடம் வரை. ஐந்தாவது இடம் என்பது சுமார் 1.1 மீட்டர். அதற்கு மேல் எழுதும் இலக்கங்களுக்கு இந்தக் கருவிகளில் மதிப்பில்லை.

இரண்டாவது, ஆதாரத் தளம். இன்றைய வேலைகள் பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அடிப்படையில் நடக்கின்றன. பழைய இந்திய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் நகரும்; ஓடைக்கு இந்தக் கரையில் எடுத்த பாயிண்ட் அந்தக் கரையில் விழும்.

மூன்றாவது, யுடிஎம் மண்டலம். யுடிஎம் என்பது உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை. மீட்டர் கணக்கில் வேலை செய்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43ஆம் மண்டலம். மதுரை, திருச்சி, சென்னை 44. திண்டுக்கல் நகரம் ஏறக்குறைய கோட்டின் மேலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் வேலை என்றால் ஒவ்வொரு பாயிண்டோடும் மண்டல எண்ணை எழுதியே ஆக வேண்டும்.

நான்காவது, பிழையளவைப் படித்தல். செயலி காட்டும் "±5 மீட்டர்" போன்ற எண்ணைப் பார்க்காமல் சேமிக்காதீர்கள். அது 30, 40 என்று இருந்தால் ஓரிரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், குறையும். படத்தின் மேலேயே இடத்தை அச்சிடும் ஜிபிஎஸ் மேப் கேமரா வகைச் செயலிகளில் இது முக்கியம். வண்டியை விட்டு இறங்கியதும் அவசரமாகக் கிளிக் செய்தால், முந்தைய இடத்தின் எண்ணே படத்தில் ஏறிவிடலாம்.

இவற்றோடு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். மழையில் பேனா மை கரையும். பென்சில் கோடு நிற்கும்.

பயிற்சி எங்கே? புதையல் வேட்டையில்

இதற்கு ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. ஒருவர் எங்கோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து அட்சதீர்க்க எண்ணைச் சொல்வார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைக்க வேண்டும். இது பிறந்த கதையே ஜிபிஎஸ் துல்லியத்தின் கதை. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 1ஆம் தேதி இரவோடு அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பகுதியில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, எண்ணை வெளியிட்டார். சில நாட்களிலேயே ஒருவர் கண்டுபிடித்தார். அன்று கையடக்கக் கருவி மட்டுமே இருந்தது. இன்று பெரும்பாலான புதியவர்கள் போனிலேயே தொடங்குகிறார்கள். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற இலவசச் செயலி உண்டு.

பக்கத்தில் டப்பா எதுவும் இல்லையென்றால் நண்பரை ஒன்று ஒளிக்கச் சொல்லுங்கள். எண்ணை மூன்று எழுத்து முறைகளிலும் மாற்றி மாற்றித் தரச் சொல்லுங்கள். தேடும்போது கடைசி ஐந்து மீட்டரில் அம்பு இங்கும் அங்கும் அல்லாடும். அங்கேதான் பாடம். எண் உங்களை ஒரு வட்டத்துக்குள் கொண்டுவிடும். அதன் பிறகு கண்ணும் குறிப்பும்தான் வேலை செய்யும். பறவைக்கூட்டையோ கேமரா பொறியையோ மறுபடி தேடிப் போகும்போது இதே நிலைதான் வரும். "இரட்டை மருத மரம், வடக்கே பத்து அடி, தரையோடு ஒட்டிய பாறை" என்று எழுதிவைத்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

ஒளிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை: பேருந்து நிலையம், ரயில் நிலையம், கோயில் வாசல், ராணுவப் பகுதி பக்கம் போகாதீர்கள். கேட்பாரற்ற டப்பா போலீஸை வரவழைக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். கல்லூரி வளாகம், சொந்தத் தோட்டம், இவையே போதும்.

நேர்காணலிலும் அலுவலகத்திலும்

"ஜிபிஎஸ் தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும் சார்" என்று நிறுத்திவிடாதீர்கள். "டபிள்யூஜிஎஸ் 84இல், தசம டிகிரியில், பிழையளவு 5 மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து எடுப்பேன் சார். ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றிச் சரிபார்ப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். க்யூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள். வீட்டிலேயே பழகலாம். நீங்கள் நடந்து எடுத்த டிராக் ஒன்றை வரைபடமாக்கிக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

வேலையில் சேரும் முன் நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. கருவியை நிறுவனம் தருமா? சொந்தப் போன் என்றால் டேட்டா செலவும், உடைந்தால் பழுதுபார்க்கும் செலவும் யாருடையவை? தரவை எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும்? வேலையை விடும்போது போனில் இருப்பதை என்ன செய்வது? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் வாயால் கிடைத்தால், மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படங்களை அனுப்புவதிலும் ஒழுங்கு வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பில் பொதிந்த இடத்தகவல் உதிர்ந்துவிடும். மேலதிகாரிக்கு ஆதாரமாக அனுப்புவதை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அரிய ஆர்க்கிட், கூடு, புலியின் வழித்தடம், தோண்டப்படாத தொல்லியல் மேடு போன்றவற்றின் இடத்தை நண்பர்கள் குழுவில் எந்த வடிவிலும் பகிராதீர்கள். திருடனுக்கும் வேட்டைக்காரனுக்கும் உங்கள் பாயிண்ட் வழிகாட்டியாகிவிடும்.

முடிவாக

படிவத்தோடு வேலை, மாலையில் சார்ஜ் போட இடம், ஊரும் வயலும் சார்ந்த களம் என்றால் போன். பல நாள் காட்டில் தங்கல், விடாத மழை, இடைவிடாத டிராக், நம்பகமான உயரக் கணக்கு என்றால் கருவி, அதோடு பையில் போன். இரண்டும் கிடைத்தால் கருவியில் டிராக்கை ஓடவிட்டு, போனில் படிவத்தை நிரப்புங்கள். ஒன்று கைவிட்டால் மற்றொன்று இருக்கும். எதுவும் இன்னும் தெளிவாகவில்லையா? பர்ஸைத் திறக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் வரைபடத்தை இறக்கிக்கொண்டு, தெரிந்த இடம் ஒன்றில் பத்து பாயிண்ட் எடுத்து, கணினியில் ஏற்றிச் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள்.